தூண்டில் குழுவின் பேச்சு தொலைகிறதா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலையில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றை ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். கடற்றொழிலாளிகள் இல்லை நாங்கள். வங்கியில், பாடசாலையில், கடையில் வேலை முடித்து, பின்னேரம் உட்துறைமுக வீதிக் கரையிலோ கிண்ணியாப் பாலத்தடியிலோ வந்து நிற்கிறவர்கள். எந்தக் காற்றுக்கு எந்த மீன் அடிக்கும், எந்த இருட்டில் கணவாய் கரையோரம் வரும், பாறையில் உரசினாலும் அறாத தங்கூசி (தூண்டில் நைலான் நூல்) எது என்று ஆளுக்காள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அந்தப் பேச்சுக்குள்தான் கிடக்கிறது. இதற்கென்று புத்தகம் எதுவும் எங்களிடம் இல்லை. அந்தப் பேச்சு போனால் அந்த அறிவும் போயிற்று.

இதற்கு முன் இரண்டு குழுக்கள் என் கண் முன்னே போயின. ஒன்று சண்டையில் போனது. மற்றது எப்போது போனது என்றே தெரியவில்லை, ஒரு நாள் திறந்து பார்த்தபோது கடைசிச் செய்திக்கு எட்டு மாத வயது. அதில் இருந்த படங்களில் பாதியை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதும் அப்படிப் போகக்கூடாது என்று நாங்கள் செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். உங்கள் குழு வீட்டுத் தோட்டமோ, முத்திரை சேகரிப்போ, பழைய வானொலிப் பெட்டிகளோ, பழுதுகள் அநேகமாக இவைதான். பொருந்தும் அறிகுறிக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் செய்துவிட்டுப் போங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

முதலில் பேச்சை ஒரு கோப்பாக வெளியே எடுங்கள். குழுவைத் திறந்து, மேலே மூன்று புள்ளி, ‘மோர்’, அப்புறம் ‘எக்ஸ்போர்ட் சாட்’. ஐபோன் என்றால் குழுவின் பெயரைத் தொட்டால் கீழே இருக்கும். படங்களோடு வேண்டுமா, இல்லாமல் வேண்டுமா என்று கேட்கும். இரண்டு விதமாகவும் எடுங்கள். படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 செய்தி அளவில் நின்றுவிடும், இல்லாமல் எடுத்தால் 40,000 வரை போகும் என்பது வாட்ஸ்அப் சொல்லும் கணக்கு. பேச்சு அதிகமுள்ள குழுவில் இது ஒன்றிரண்டு வருடத்துக்கே போதாது. ஆகவே இன்றைக்கு ஒன்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று என்று பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இதை அட்மின் மட்டும் செய்தால் போதாது. குழுவில் ஆரம்பத்திலிருந்து இருப்பவரும், அதே போனை நீண்ட நாள் வைத்திருப்பவருமான ஒருவரைப் பிடியுங்கள். ஒருவருடைய போனிலிருந்து எடுத்தால் அவர் சேர்ந்த நாளுக்குப் பிறகு அந்தப் போனில் இருப்பதுதான் வரும். எங்கள் குழுவில் மிகப் பழைய பேச்சு இருந்தது அட்மின்களிடம் இல்லை. மூதூரில் இருக்கும் நானா ஒருவரின் திரை உடைந்த போனில் இருந்தது. அவர் எதையும் அழிக்கிற ஆள் இல்லை. அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, சார்ஜர் வயரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே எடுத்தோம்.

ஒரு எச்சரிக்கை. எடுத்த கோப்பில் திகதி அந்தந்தப் போனின் அமைப்புப்படிதான் விழும். 04/07 என்பது ஒருவர் போனில் ஜூலை 4, இன்னொருவர் போனில் ஏப்ரல் 7. மீன்பிடியில் மாதம் பிழைத்தால் எல்லாமே பிழை, தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்துப் பேச்சு மாரிக்கால அறிவுரையாக மாறிவிடும். கோப்பின் பெயரிலேயே யாருடைய போன், எந்தத் திகதி முறை என்று எழுதிவிடுங்கள்.

அறிகுறி: எக்ஸ்போர்ட் செய்ய விடவில்லை

2025 ஏப்ரலில் வாட்ஸ்அப் கூடுதல் தனியுரிமை அமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. குழுத் தகவலில் அது திறந்திருந்தால் எவராலும் பேச்சை வெளியே எடுக்க முடியாது. யாரோ நல்ல எண்ணத்தில் போட்டிருப்பார்கள். குழுவில் கேட்டுவிட்டு, எடுக்கும் வரைக்கும் நிறுத்திவையுங்கள். கையோடு ‘மறையும் செய்திகள்’ அமைப்பையும் பாருங்கள். அது 90 நாள் என்று வைக்கப்பட்டிருந்தால், நீங்கள் இதை வாசிக்கும்போதே போன மாரியின் பேச்சு போயிருக்கும். அதற்கு மருந்து இல்லை, இனிமேலாவது நிறுத்துங்கள்.

அறிகுறி: பழைய படங்கள் மங்கலாகக் கிடக்கின்றன, தொட்டால் திறக்கவில்லை

படம் வாட்ஸ்அப்பின் கணினியில் எப்போதும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது தபால்காரர் மாதிரி, கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடும். படம் இருக்கிற இடம் வாங்கியவர்களின் போன்கள்தான். உங்கள் போனில் இல்லையென்றால் இன்னொருவர் போனில் இருக்கலாம். குழுவில் பொதுவாக ‘யாரிடமாவது இருக்கா’ என்று கேட்டால் ஒருவரும் தேடமாட்டார்கள். ‘தம்பி, 2021 மே மாதம் நீ போட்ட அந்தப் பெரிய பாரையின் படம், உன் போனில் ஃபைல்ஸ், வாட்ஸ்அப் இமேஜஸ் போல்டருக்குள் பார்’ என்று ஒருவரைக் குறிப்பிட்டுக் கேட்டால் அன்றிரவே வரும். ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரிலேயே வருடம், மாதம், நாள் இருக்கிறபடியால் தேடுவது கஷ்டமில்லை.

ஆனால் அந்தத் திகதி அனுப்பிய திகதி, பிடித்த திகதி இல்லை. படம் எடுத்த நேரம், இடம் போன்றவற்றை வாட்ஸ்அப் அனுப்பும்போதே கழற்றிவிடும், அளவையும் சுருக்கும். முக்கியமான படம் என்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது அசல் அப்படியே வரும்.

படங்களை ஒரே இலவச இடத்தில் நம்பிக் குவிப்பதும் இதே பழுதில் முடியும். படங்களை ஏற்றிவைக்கும் தளமான போட்டோபக்கெட் 2017இல் மற்றத் தளங்களில் அந்தப் படங்களைக் காட்டுவதற்கு வருடம் 400 டாலர் அளவில் கட்டணம் கேட்டபோது, உலகம் முழுக்கப் பொழுதுபோக்குக் குழுக்களின் செய்முறை விளக்கங்களில் படம் இருந்த இடமெல்லாம் வெறுமையாகிப் போனது. எழுத்து நின்றது, ‘படத்தில் காட்டியபடி முடிச்சுப் போடவும்’ என்ற வரியும் நின்றது, முடிச்சைத்தான் காணவில்லை.

அறிகுறி: போன் மாற்றினேன், எல்லாம் போய்விட்டது

எனக்கே நடந்தது. போன் திருத்தும் கடை ஒன்றில் திரை மாற்றக் கொடுத்தேன், திரும்பி வரும்போது புதுப் போன் மாதிரி வெறுமையாக வந்தது. பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன், இடம் நிரம்பி நான்கு மாதத்துக்கு முன்பே நின்றிருந்தது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் இப்போது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்தான் கணக்கு, ஜிமெயிலும் படங்களும் அதே பானைக்குள். ஆகவே அமைப்பில் போய் ‘கடைசி பேக்கப்’ என்ற திகதியை மாதம் ஒரு முறை கண்ணால் பாருங்கள். போன் திருத்தக் கொடுக்கும் முன்னும் பாருங்கள். அதோடு, இரண்டு வருடம் திறக்காத கூகுள் கணக்கைக் கூகுள் நீக்கலாம். குழுவுக்கென்று தனிக் கணக்கு வைத்திருந்தால் யாராவது அதைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அறிகுறி: அட்மினைக் காணவில்லை

ஒருவரே அட்மினாக இருந்து, அவர் வெளிநாடு போய், பழைய சிம்முக்கு ரீலோட் போடாமல் விட்டுவிட்டார் என்று வையுங்கள். 120 நாள் அளவில் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும். அந்த நம்பர் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. நம்பர் மாற்றுகிறவர் ‘சேஞ்ச் நம்பர்’ வழியாக மாற்றினால் குழுக்கள் கூடவே வரும், அதைச் சொல்லிக் கொடுங்கள்.

இன்றைக்கே மூன்று அட்மின் வையுங்கள். ஒருவர் ஊரில், ஒருவர் வெளியூரில், ஒருவர் வயதில் இளையவர். நண்பர்கள் மூவரையும் ஒரே வள்ளத்தில் போகிறவர்களாகப் போடாதீர்கள், கோபித்துக்கொண்டு போனால் மூவரும் ஒன்றாகத்தான் போவார்கள்.

அறிகுறி: குழு திறக்கவே இல்லை

முதலில் பதறாதீர்கள். குழு போய்விட்டதா, வலையமைப்பு போய்விட்டதா என்று பாருங்கள். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் அளவில் முடங்கிக் கிடந்தன. நம் நாட்டில் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் 3 என்று சமூக வலைத்தளங்களை முடக்கிய நாட்களும் இருந்தன. பயந்துபோய் ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டவர்கள்தான் அந்த நாட்களில் பேச்சை இழந்தார்கள். ஒரு சின்ன ஏற்பாடு போதும்: பத்துப் பேருடைய நம்பர் ஒரு கடதாசியில், மூன்று பேர் வீட்டில். குறுஞ்செய்தி அனுப்பலாம், இல்லாவிட்டால் பின்னேரம் இறங்குதுறையில் பார்த்துக்கொள்ளலாம்.

சேவையே நிரந்தரமாக மூடப்பட்டால் கதை வேறு. ஜியோசிட்டிஸ் 2009இல் மூடியது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். யாஹூ குழுக்களை 2019 ஒக்டோபரில் அறிவித்துப் பழையவற்றை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் முழுதாக மூடினார்கள். ஒவ்வொன்றிலும் அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவில் கொஞ்ச நாள் இருந்தது, ஓடி ஓடிப் பிரதி எடுத்த தொண்டர்களும் இருந்தார்கள். அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் அன்றைக்கே தொடங்குங்கள், கடைசிக் கிழமையில் பதிவிறக்கப் போனால் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். பழைய இணைப்பு செத்துப் போயிருந்தால் அந்த முகவரியை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். 2001இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. திறந்த பக்கங்கள் பல கிடைக்கும். மூடிய குழுவுக்குள் அது போகாது, வாட்ஸ்அப்புக்குள்ளும் போகாது. 2024 ஒக்டோபரில் அதுவே தாக்கப்பட்டுச் சில நாள் மூடிக் கிடந்தது என்பதையும் மனதில் வையுங்கள்.

அறிகுறி: காலை வணக்கம் மட்டும் வருகிறது

இதுதான் உண்மையான நோய். மற்றதெல்லாம் கருவிப் பழுது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் ஒரு மீனின் படத்தைப் போட்டு, ‘இது என்ன மீன், சமைக்கலாமா’ என்று கேட்டிருந்தார். ஊதிய வயிறு, முயல் மாதிரிப் பல். பேத்தை. 9 மணிக்குக் கேட்டிருக்கிறார். கீழே ஒரு பூப் படம், ஒரு அரசியல் வீடியோ, யாருடையதோ பிறந்தநாள். நான் பார்த்தது 11 மணி தாண்டி. உடனே அழைத்தேன், நல்ல வேளை, மீன் இன்னும் குளிர்பெட்டியில்தான் இருந்தது. பேத்தையின் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சு சமைத்தாலும் போகாது, அதை முறிக்கும் மருந்தும் கிடையாது. இதைப் பற்றி மூன்று வருடத்துக்கு முன் எங்கள் குழுவிலேயே ஒரு இரவு முழுக்கக் கதைத்திருக்கிறோம். அந்தப் பேச்சு இருந்தது. அந்தத் தம்பிக்கு அது தெரிய வழியில்லை, ஏனென்றால் அவர் சேர்ந்தது அதற்குப் பிறகு. பதில் சொல்லியிருக்கக் கூடிய பெரியவர்கள் குழுவை மியூட் பண்ணியிருந்தார்கள், ஏனென்றால் ஒரு நாளைக்கு நாற்பது காலை வணக்கம்.

திருத்தம் இப்படித்தான் செய்தோம். காலை வணக்கத்தைத் தடை செய்யவில்லை, அதையும் அன்போடுதான் அனுப்புகிறார்கள். அதற்கென்று ‘தேநீர்க்கடை’ என்று இன்னொரு குழு திறந்தோம், பலர் சந்தோஷமாகப் போனார்கள். அப்புறம், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைப் பொறுக்கினோம். இருபதுதான் தேறியது. ஒவ்வொன்றுக்கும் குழுவில் வந்த நல்ல பதில்களைச் சேர்த்து அரைப் பக்கம் எழுதினோம். சாப்பிடக் கூடாத மீன், புறாத்தீவுப் பக்கம் ஏன் தூண்டில் போடக் கூடாது (2003இலிருந்து அது தேசியப் பூங்கா), நிலவுக் காலத்தில் கணவாய்க்கு என்ன செய்வது, இப்படி. அந்தக் கோப்பின் இணைப்பு குழு விவரத்தில் இருக்கிறது. குழுவின் உச்சியில் ‘பின்’ செய்துவைத்தால் அதிகம் போனால் 30 நாள்தான் நிற்கும், விவரத்தில் போட்டால் நாமாக எடுக்கும் வரை நிற்கும்.

‘இதை முதலே கதைத்தாயிற்று, மேலே தேடிப் பார்’ என்று மட்டும் புதியவரிடம் சொல்லாதீர்கள். தேடினால் கிடைக்காது. எங்கள் குழுவில் கணவாய் என்ற ஒரு சொல்லையே கணவாய், கனவாய் என்று இரண்டு விதமாகவும், ஆங்கில எழுத்தில் நான்கு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் தேட வேண்டும்.

மௌனமாகிப் போன பெரியவரைத் திரும்பக் கதைக்க வைக்க ஒரு வழிதான் வேலை செய்தது. குழுவில் கேட்காமல் தனியாகக் கேட்பது, அதுவும் அவருக்கு மட்டும் தெரிந்ததைக் கேட்பது. ‘மாமா, மாவலித் தண்ணி கலங்கி கொட்டியாரக் குடாவுக்குள் இறங்கினால் கணவாய் எந்தப் பக்கம் ஒதுங்கும்?’ இப்படிக் கேட்டால் பதில் வரும், சில நேரம் படமே வரைந்து வரும். அவர் சம்மதத்தோடு அதைக் குழுவில் போட்டால் அடுத்த கிழமை அவரே வந்து திருத்தம் சொல்வார்.

அறிகுறி: சண்டை, குழு இரண்டாகிறது

சமாதானம் பிறகு. முதலில் இரண்டு பக்கத்திலும் ஒரு பிரதி இருப்பதை உறுதி செய்யுங்கள். கோபத்தில் வெளியேறுகிறவர் தன் செய்திகளை அழித்துவிட்டுப் போகலாம். எல்லோரிடமிருந்தும் அழிக்க இரண்டு நாளும் 12 மணி நேரமும்தான் அவகாசம் என்பதால் பழைய பேச்சுக்கு ஆபத்து குறைவு.

ஆனால் ஒருவர் நிதானமாக வந்து ‘நான் எழுதியதைத் தொகுப்பிலிருந்து எடுங்கள்’ என்று கேட்டால் எடுத்துவிட வேண்டும். அது அவருடைய பேச்சு. எங்களிடம் ஒருவர் தன் இடங்களை மட்டும் எடுக்கச் சொன்னார், அந்தப் பாறைத் திட்டு அவருடைய அப்பா காட்டிக் கொடுத்தது. எடுத்தோம். தொகுப்பில் நம்பர்களையும் வீட்டு விவரங்களையும் எப்படியும் அழிக்க வேண்டும்.

அறிகுறி: பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது

பயப்பட வேண்டாம், பழுதில்லை. அது பாமினி என்ற பழைய எழுத்துரு. யூனிகோட் பரவும் முன் நம் பக்கத்தில் அதிகமாக அதில்தான் தட்டச்சு செய்தார்கள். இணையத்தில் பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இருக்கின்றன. அசலைத் தொடாமல் பிரதி ஒன்றில் செய்யுங்கள். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், கொக்கி அளவு, ரீலின் பெயர் போன்றவை, அதுவும் தமிழ் எழுத்தாகிச் சிதைந்துவிடும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும். மாற்றிய பிறகும் அசலை வைத்திருங்கள்.

எடுத்ததை எங்கே வைப்பது

மூன்று இடம். ஒரு கணினி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், ஊருக்கு வெளியே ஒன்று. எங்கள் மூன்றாவது பிரதி கண்டியில் ஒரு உறவினர் வீட்டில். 1964 சூறாவளியும் 2004 கடற்கோளும் கண்ட கரை இது, ஒரே தெருவில் மூன்று பிரதி வைத்தால் அது ஒரு பிரதிதான். உப்புக் காற்றில் பென் டிரைவின் வாய் கறுத்துப் போகும். வருடம் ஒரு முறை செருகி, திறந்து, உள்ளே ஒரு படத்தையாவது பாருங்கள். இருபது கேள்விகளை மட்டும் கடதாசியிலும் அடித்துவைத்திருக்கிறோம்.

அறிகுறி: எல்லாம் குரல் பதிவாகவே இருக்கிறது

எங்கள் குழுவில் ஐயா ஒருவர் இருந்தார், எழுதமாட்டார், கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியவில்லை என்பார். எது கேட்டாலும் குரலில்தான். போன வருடம் காலமானார். நாங்கள் எடுத்துவைத்த எழுத்துக் கோப்பில் அவர் பெயருக்கு நேரே ‘மீடியா இல்லை’ என்று வரிசையாக விழுந்திருந்தது. அதாவது, குழுவிலேயே அதிகம் தெரிந்த மனிதர் எங்கள் பிரதியில் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

உங்களுக்கும் இப்படியென்றால், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் என்ற போல்டரைத் தேடுங்கள். ஆண்ட்ராய்டில் கிழமைக்கு ஒரு போல்டராக இருக்கும், கோப்பின் பெயர் ‘பிடிடி’ என்று தொடங்கி வருடம், மாதம், நாள் என்று போகும். யார் பேசியது என்று பெயரில் இருக்காது. ஆகவே திகதியைப் பார்த்து எழுத்துக் கோப்போடு பொருத்த வேண்டும். மூதூர் நானாவின் போனிலிருந்து 61 பதிவு கிடைத்தது. ஐயாவின் மகனிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினோம், ‘தாராளமாகச் செய்யுங்கள் தம்பி, எங்களிடமே அப்பாவின் குரல் இவ்வளவு இல்லை’ என்றார்.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகளைப் போட்டுப் பார்த்தோம். செய்தி வாசிப்பது மாதிரிப் பேசினால் சரியாக வருகிறது. ஐயா பேசியது அலைச் சத்தத்துக்கு நடுவில், நம் ஊர்ப் பேச்சில். ‘தங்கூசி’ என்றதைக் கருவி ‘தங்க ஊசி’ என்று எழுதியது. கையால்தான் எழுதினோம். ஒரு நிமிடக் குரலுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும், இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் கேட்க ஒருவர் எழுத. விளங்காத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் புள்ளி வையுங்கள். குரல் கோப்பையும் எழுத்தோடு சேர்த்து வையுங்கள், பின்னால் வருகிறவருக்கு விளங்கலாம்.

முதலில் முடித்தது நான்கு நிமிடப் பதிவு ஒன்று, கணவாய் பிடிக்கும் ஜிக் என்ற போலி இரையின் நிறங்களைப் பற்றி. கலங்கல் தண்ணீருக்குச் சிவப்பு என்று எழுதி மகனுக்கு அனுப்பினோம். மறுநாள் பதில் வந்தது: ‘அது சிவப்பு இல்லை தம்பி. அப்பா செம்மஞ்சளைத்தான் சிவப்பு என்பார். அந்த ஜிக் இன்னும் வீட்டில் இருக்கிறது, படம் அனுப்புகிறேன்.’ அனுப்பினார், டாக்குமெண்டாகவே. இன்னும் 43 பதிவு எழுத இருக்கிறது.